ஊற்று யாருடையது?

நீரைத் தேடித் துளையிட்ட இடத்தில் நிலக்கரி கிடைத்தது. நிலக்கரியைத் தேடித் தோண்டிய இடத்தில் நீர் வழிமறித்தது. நெய்வேலியின் வரலாற்றை இவ்வாறு சுருக்கிக் கூறலாம். 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோது, நீருடன் கரிய துகள்களும் மேலே வந்தன. பழுப்பு நிலக்கரி அங்கே இருப்பதை உலகம் அறிந்தது அப்படித்தான். 1956-இல் அரசு நிறுவனம் அமைந்தது. 1957-இல் சுரங்கப் பணி தொடங்கியது.

நிலக்கரிக்குக் கீழே உள்ள மணற்படுகையில் நீர் பெரும் அழுத்தத்துடன் அடைபட்டிருக்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் வரை அது மேல்நோக்கி அழுத்துகிறது. அந்த அழுத்தத்தைத் தணிக்காமல் மேல்மண்ணை அகற்றினால் சுரங்கத்தின் தரை பிளந்து நீர் புகுந்துவிடும். ஆகவே ஆழ்குழாய்க் கிணறுகளின் மூலம் இரவு பகலாக நீரை இறைக்க வேண்டியிருக்கிறது. இறைத்த நீர் அனல்மின் நிலையங்களுக்கும் நகரியத்துக்கும் பயன்படுகிறது. ஏரிகளின் வழியே வயல்களையும் அடைகிறது.

ஆயினும் சுரங்கத்திற்கு வெளியே இருக்கும் உழவரும் அதே படுகையின் நீரையே நம்பியிருக்கிறார். அழுத்தம் குறையும்போது, தானே பொங்கிய கிணற்றுக்கு மோட்டார் தேவைப்படுகிறது. பிறகு மோட்டாரை இன்னும் ஆழத்தில் இறக்க வேண்டி வருகிறது. வசதியுள்ளவரால் அது முடியும். வசதியற்றவர் என்ன செய்வார்? ஒருவருக்கு இடையூறாகத் தோன்றும் நீரே மற்றொருவருக்கு உயிராதாரம். அப்படியானால் அந்த நீர் யாருடையது?

1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், தன் நிலத்திற்கு அடியில் வரையறுத்த ஓடையாக ஓடாத நீரைச் சேகரித்துப் பயன்படுத்தும் உரிமையை நில உடைமையாளருக்கு அளிக்கிறது. ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக் இவ்வுரிமைக்கு ஒரு நிபந்தனை கூறினார். பொதுவிலிருந்து ஒருவர் எடுக்கலாம். ஆனால் பிறருக்கும் போதுமான அளவு, அதே தரத்தில், மிஞ்சியிருக்க வேண்டும். ஆற்றில் ஒருவர் வயிறாரக் குடித்தாலும் அடுத்தவருக்கு முழு ஆறும் இருக்கிறது என்பது அவர் காட்டிய உதாரணம். நிலத்தடியில் இந்த உதாரணம் பொருந்துவதில்லை. அங்கே ஒருவர் எடுப்பது மற்றவருக்குக் குறைகிறது. குறைவது கண்ணுக்கும் தெரிவதில்லை.

கேரளத்தின் பிளாச்சிமடையில் குளிர்பான ஆலை ஒன்று நிலத்தடி நீரை எடுத்தபோது இதே கேள்வி நீதிமன்றத்தை அடைந்தது. நிலத்தடி நீர் மக்களின் பொதுச்சொத்து, அரசு அதன் காவலரே என்று 2003 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். 2005-இல் இரு நீதிபதிகள் அமர்வு அதனை ஏற்காமல், நில உடைமையாளரின் உரிமையை முன்னிறுத்தியது. 2004-இல் மூடிய ஆலை மீண்டும் இயங்கவில்லை. கேள்வி மட்டும் எஞ்சி நிற்கிறது.

சட்டம் இருவிதமாகப் பேசலாம். அறம் அப்படிப் பேச இயலாது. கோயிலின் அறங்காவலரை எண்ணிப் பார்ப்போம். சொத்து அவர் கையில் இருக்கிறது, ஆனால் அவருடையதன்று. அவர் செலவு செய்யலாம். கணக்குக் காட்ட வேண்டும். மூலதனத்தைக் கரைக்கக் கூடாது. நீரை இறைப்பவரின் நிலையும் இதுவே. எடுத்த அளவை எல்லோரும் அறியச் சொல்வதும், வற்றிய கிணற்றுக்கு முதலில் ஈடு செய்வதும், மழைநீரை மீண்டும் பூமிக்குள் செலுத்துவதும் அவர் செய்யும் தானங்கள் அல்ல. தீர்க்க வேண்டிய கடன்கள்.

இக்கடன் சுரங்கத்திற்கு மட்டும் உரியதா? நெய்வேலி மின்சாரத்தில் கேரளத்துக்கும் பங்குண்டு. கொச்சி தேவராவில் மாலையில் ஏற்றப்படும் ஒரு விளக்கில், எங்கோ இறைக்கப்பட்ட நீரும் கண்ணுக்குத் தெரியாமல் சேர்ந்திருக்கிறது. தேவையற்ற விளக்கை அணைக்க நீளும் கை, முகமறியாத ஓர் உழவரின் கிணற்றுக்குச் செய்யும் சிறு நீதியாகும்.