விதியை மீறாத கிளப்புக்கு ஒரு வேலி

2014 அக்டோபரில் ஆஸ்திரேலியக் கால்பந்து லீகான ஏ.எஃப்.எல்., சிட்னி ஸ்வான்ஸ் கிளப்பின் முன் இரண்டு வழிகளை வைத்தது. அந்த கிளப்புக்குப் பல ஆண்டுகளாகக் கிடைத்துவந்த வாழ்க்கைச் செலவுப் படியை உடனே கைவிட வேண்டும். முடியாதென்றால், அந்தப் படி சிறிது சிறிதாகக் குறைந்து மறையும் இரண்டு ஆண்டுகளுக்கு மற்ற கிளப்புகளிலிருந்து ஒரு வீரரைக்கூட எடுத்துக்கொள்ளக் கூடாது. ஸ்வான்ஸ் எந்த விதியையும் மீறவில்லை. மீறியதாக லீகும் குற்றம் சாட்டவில்லை. ஆனாலும் வீரர்கள் கைமாறும் அந்தச் சில வாரங்களில், பதினெட்டு கிளப்புகளில் ஒன்று மட்டும் வாசலுக்கு வெளியே நின்றது.

ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். அப்பட்டமான அநியாயம் என்றது சிட்னி. இதையே இவ்வளவு தாமதமாகச் செய்தார்களே என்றது மெல்போர்ன்.

இந்த ஆட்டம் உலகக் கோப்பைக் கால்பந்து அல்ல. நீள்வட்டப் பந்து, பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர், கோலுக்கு ஆறு புள்ளி. நம் கிரிக்கெட் ரசிகர்களுக்கு நன்கு தெரிந்த மெல்போர்ன், சிட்னி கிரிக்கெட் மைதானங்களில் குளிர்காலம் முழுக்க நடப்பது இதுதான். லீகின் அடித்தளம் சமத்துவம். 1980களின் பிற்பகுதியில் இரண்டு ஏற்பாடுகள் வந்தன. ஒன்று டிராஃப்ட்: கடைசி இடத்தில் முடித்த அணி, புதிதாக வரும் இளைஞர்களில் முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும். இன்னொன்று சம்பள உச்சவரம்பு: எவ்வளவு பணக்கார கிளப்பானாலும் வீரர்களுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளம் குறிப்பிட்ட தொகையைத் தாண்டக் கூடாது. பணம் உள்ளவன் எல்லோரையும் வாங்கிக் குவிக்கும் ஐரோப்பியக் கால்பந்தின் வழக்கத்துக்கு நேர் எதிரான ஏற்பாடு இது. இன்று தோற்கும் ஊரும் நாளை ஜெயிக்கலாம் என்ற நம்பிக்கைதான் இங்கே ரசிகரை மழையிலும் மைதானத்துக்கு இழுத்து வருகிறது.

அந்தச் சம ஏற்பாட்டுக்குள் சிட்னிக்கு மட்டும் ஏன் தனிச் சலுகை? காரணம் உண்டு. ஸ்வான்ஸ் பிறந்த ஊர் சிட்னி அல்ல. மெல்போர்னின் தெற்குப் பகுதி. கடன் கழுத்தை நெரிக்க, 1982இல் பெட்டி படுக்கையோடு சிட்னிக்குக் குடிபெயர்ந்தது. சிட்னி ரக்பி ஆடும் நகரம். 1992 தொடங்கி மூன்று ஆண்டுகள் ஸ்வான்ஸ் கடைசி இடத்தில் கிடந்தது. கிளப்பை இழுத்து மூடிவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது. நாட்டின் மிகப்பெரிய நகரத்தில் தன் ஆட்டம் செத்துவிடக் கூடாது என்ற கவலை லீகுக்கு இருந்தது. சிட்னியின் வீட்டு வாடகையும் மற்ற நகரங்களைவிட அதிகம். ஆகவே உச்சவரம்புக்கு மேல் ஒரு படி அனுமதிக்கப்பட்டது. கடைசிக் காலத்தில் அது 9.8 சதவீதம்.

ஊருக்கு ஏற்ப வாடகைப் படி மாறும் கணக்கு, அரசு ஊழியர் இருக்கும் எந்த வீட்டுக்கும் புதிதல்ல. டிராஃப்டில் வரும் பதினெட்டு வயதுப் பையன் தன் கிளப்பைத் தேர்ந்தெடுப்பதில்லை. கிளப்தான் அவனைத் தேர்ந்தெடுக்கிறது. டாஸ்மேனியாவின் சிறு நகரத்திலிருந்து அவன் சிட்னிக்குப் போக நேர்ந்தால், அதே சம்பளத்தில் அவன் வாழ்க்கை அடிலெய்டில் இருக்கும் நண்பனுடையதைவிடச் சுருங்கிவிடும். அந்த வகையில் படி நியாயமானது. கோளாறு அதன் வடிவத்தில் இருந்தது. 80,000 டாலர் வாங்கும் பையனுக்கு அது தந்தது 7,840 டாலர். பத்து லட்சம் வாங்கும் நட்சத்திரத்துக்கு 98,000 டாலர். வாடகைக்குத் திணறுபவனுக்கென்று பிறந்த உதவி, வாடகையைப் பற்றி நினைக்கவே தேவையில்லாதவருக்குப் பன்னிரண்டு மடங்குக்கு மேல் போய்ச் சேர்ந்தது. இந்தக் கணக்கைப் போட்டது ஸ்வான்ஸ் அல்ல, லீக்.

பல ஆண்டுகள் அது யார் கண்ணையும் பெரிதாக உறுத்தவில்லை. 2012இல் ஸ்வான்ஸ் ஹாத்தார்ன் அணியைப் பத்துப் புள்ளியில் வென்று கோப்பையை எடுத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அடிலெய்டின் உயரமான முன்கள வீரர் கர்ட் டிப்பெட் சிட்னிக்கு வந்தார். அடுத்த ஆண்டு வந்தது இடி. ஹாத்தார்னின் நட்சத்திரம், ரசிகர்கள் ‘பட்டி’ என்று கொண்டாடும் லான்ஸ் ஃப்ராங்க்ளின், ஒன்பது ஆண்டுகளுக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் ஒப்பந்தத்தில் ஸ்வான்ஸில் சேர்ந்தார். அவர் சிட்னியின் இன்னொரு புதிய கிளப்பான ஜயன்ட்ஸுக்குத்தான் போவார் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். காலிங்வுட் கிளப்பின் அன்றைய தலைவர் எடி மெக்வயர் முதல் மெல்போர்ன் ரயிலில் துண்டு போர்த்திச் செல்லும் ரசிகர் வரை, கோபம் படியின் மேல் திரும்பியது.

அந்தக் கோபத்தைப் பொறாமை என்று தள்ளிவிடுவது எளிது. தள்ளக் கூடாது. செயின்ட் கில்டா ரசிகரை நினைத்துப் பார்க்கலாம். அந்த கிளப் ஒரு நூற்றாண்டுக்கும் மேலான வரலாற்றில் ஒரே ஒரு கோப்பையை வென்றிருக்கிறது. 1966இல், அதுவும் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில். அவர்கள் உயிராய் நேசித்த கோல் வீரர் டோனி லாக்கெட் 1995இல் போய்ச் சேர்ந்த இடம் சிட்னி. அந்த ரசிகரிடம் மிச்சமிருந்த சொத்து, எல்லோருக்கும் ஒரே உச்சவரம்பு என்ற வாக்குறுதி ஒன்றுதான். கோப்பையும் வென்று, இரண்டு நட்சத்திரங்களையும் அள்ளிக்கொண்ட அணிக்கு மேலும் ஒரு படி என்றால் அவருக்கு வலிக்கத்தான் செய்யும். படி போக வேண்டும் என்ற அவரது கோரிக்கையில் நியாயம் முழுமையாக இருந்தது.

ஆனால் படியை எடுப்பதும் கிளப்பைக் கட்டிப்போடுவதும் ஒரே செயல் அல்ல. வழக்கு இங்கேதான் தொடங்குகிறது.

லீக் அதற்கு முன்பும் கிளப்புகளைக் கடுமையாகத் தண்டித்திருக்கிறது. 2002இல் கார்ல்டன் உச்சவரம்பை மறைமுகமாக மீறியது அம்பலமானது. 9,30,000 டாலர் அபராதம் விழுந்தது. அந்த ஆண்டு டிராஃப்டின் முதல் இரண்டு தேர்வுகளும் பறிபோயின. முதல் தேர்வு செயின்ட் கில்டாவுக்குப் போய், பிரெண்டன் காடர்ட் அவர்களுக்குக் கிடைத்தார். டிப்பெட்டுடன் ரகசிய உடன்பாடு வைத்திருந்த அடிலெய்டுக்கு 3 லட்சம் டாலர் அபராதம், டிராஃப்ட் தேர்வுகள் இழப்பு. அவரும் பதினொரு ஆட்டங்கள் வெளியே உட்கார்ந்தார். 2013இல் ஊக்கமருந்து விவகாரத்தில் எஸ்ஸெண்டன் 20 லட்சம் டாலர் கட்டி, இறுதிச் சுற்றுகளிலிருந்தும் விலக்கப்பட்டது. மூன்றிலும் ஒரு குற்றம் இருந்தது, விசாரணை இருந்தது, குற்றத்துக்கேற்ற தண்டனை இருந்தது. அந்த வரிசையில் ஸ்வான்ஸை நிறுத்திப் பார்த்தால் தண்டனை மட்டும் இருக்கிறது. முந்தைய இரண்டையும் காணோம்.

இது தண்டனையே அல்ல, மாற்றக் காலத்துக்கான நிபந்தனை என்பது லீகின் தரப்பு. மற்றவர்களைவிடக் கூடுதல் தொகை கையில் இருக்கும்வரை அதைக்கொண்டு மேலும் ஆள் சேர்க்கக் கூடாது, அவ்வளவுதான் என்றது. இந்த வாதத்துக்கு எடை உண்டு. படி ஒரு சலுகை; உரிமை அல்ல. கொடுத்தவர் திரும்பப் பெறலாம், பெறும்போது நிபந்தனையும் வைக்கலாம். பிரிஸ்பேன் லயன்ஸ் 2001 முதல் 2003 வரை தொடர்ந்து மூன்று கோப்பைகளை வென்ற பிறகு, அவர்களுக்கிருந்த இதேபோன்ற சலுகையும் மறைந்துபோனது.

வாதம் தடுக்கி விழும் இடம் ‘தேர்வு’ என்ற சொல். படியை உடனே விட்டுவிட்டால் தடை இல்லையே என்றார்கள். ஸ்வான்ஸ் வீரர்கள் ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்த ஒப்பந்தங்கள் அந்தப் படியை நம்பி எழுதப்பட்டவை. ஃப்ராங்க்ளினுடையது ஒன்பது ஆண்டுகளுக்கு. ஒரே நாளில் படியை உருவினால் உச்சவரம்பு உடையும், அல்லது யாரையாவது வெளியே அனுப்ப வேண்டும். லீகின் சொந்த விதிப்படி, லீகின் பார்வைக்கு வைத்து எழுதிய ஒப்பந்தத்தைக் காரணம் காட்டி அதே லீக் கிளப்பை நெருக்கியது. நம்பி நடந்தவரின் காலுக்குக் கீழிருந்து பாயை உருவும் வேலை அது. நடந்துபோகும் வழியைக் காட்டியவருக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது. அந்த வழியில் ஒருவர் வேகமாகப் போய்விட்டார் என்பதற்காக அந்தப் பொறுப்பை அவர் தலையில் இறக்கிவைக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. ஜயன்ட்ஸ் கிளப்பும் அதே நகரத்தில் அதே படியை வாங்கியது. அவர்களுக்குத் தடை இல்லை. கூடுதல் தொகைதான் குறை என்றால் இருவருக்கும் வேலி போட்டிருக்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் போட்டதால், வேலிக்குக் காரணம் படி அல்ல, வெற்றிதான் என்று சிட்னி ரசிகர்கள் முடிவுக்கு வந்ததில் வியப்பில்லை. அவர்களைச் சமாதானப்படுத்தும் பதில் கடைசிவரை வரவில்லை.

சமத்துவத்தின் பெயரால் பேசும்போது மற்ற ஏற்றத்தாழ்வுகளும் கண்ணில் பட வேண்டும். இறுதியாட்டம் வழக்கமாக மெல்போர்னில்தான். பதினெட்டில் பத்து கிளப்புகள் விக்டோரியா மாநிலத்தைச் சேர்ந்தவை. போர்வீரர் நினைவு நாளான ஆன்சாக் நாளில் பெருங்கூட்டம் கூடும் ஆட்டம் 1995 முதல் காலிங்வுட்டுக்கும் எஸ்ஸெண்டனுக்கும் மட்டுமே. இவை எதுவும் சம்பளக் கணக்கில் வராத சாதகங்கள். இவற்றுக்காக எந்த கிளப்பின் கையும் கட்டப்பட்டதில்லை.

தடையின் சுமை யார் மேல் விழுந்தது என்பதையும் பார்க்க வேண்டும். நிர்வாகிகள் மேல் மட்டும் அல்ல. வீரர்கள் கிளப் மாறுவதைச் சந்தை வியாபாரமாகவே பார்க்கிறோம்; பலருக்கு அது வீடு திரும்பும் வழி. லூயிஸ் ஜெட்டா மேற்கு ஆஸ்திரேலியக்காரர். 2012 இறுதியாட்டத்தில் சிரில் ரியோலி பின்னால் துரத்த, பந்தைத் தரையில் தட்டித் தட்டிப் பிடித்தபடி ஜெட்டா பறந்த ஓட்டம், ஸ்வான்ஸ் ரசிகர் யாரும் மறக்காத காட்சி. 2015இல் குடும்பத்தோடு ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று கேட்டார். அதற்குள் லீக் தடையைத் தளர்த்தி, குறிப்பிட்ட சம்பளத்துக்குள் அடங்கும் வீரர்களை எடுக்கலாம் என்று இறங்கி வந்திருந்தது. அதனால் வெஸ்ட் கோஸ்ட் அணியின் காலம் சின்க்ளேர் சிட்னிக்கு வர, ஜெட்டா ஊர் போய்ச் சேர்ந்தார். மூன்று ஆண்டுகள் கழித்து அங்கே கோப்பையும் வென்றார். முந்தைய ஆண்டின் முழுத் தடை அப்படியே நீடித்திருந்தால் இந்த நேருக்கு நேர் மாற்றம் நடந்திருக்காது. ஃப்ராங்க்ளினின் ஒப்பந்தத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத இரண்டு பேரின் வாழ்க்கை அது.

தடை வந்தும் ஸ்வான்ஸ் 2016இல் இறுதியாட்டத்துக்கு வந்து வெஸ்டர்ன் புல்டாக்ஸிடம் தோற்றது. 1954க்குப் பிறகு புல்டாக்ஸுக்கு அதுதான் முதல் கோப்பை. ஃப்ராங்க்ளின் 2023இல் ஓய்வு பெறும்வரை சிட்னிக்காக ஒரு கோப்பையும் வெல்லவில்லை. தடை தேவையில்லை என்பதற்கு இதைச் சாட்சியாக்க முடியாது. 2014இல் யாருக்கும் இது தெரியாது. தெரிந்த விஷயங்களை வைத்தே அன்றைய முடிவை எடைபோட வேண்டும்.

தெரிந்தவற்றில் ஒன்று, இதைவிட நேர்மையான வழி லீகின் கையிலேயே இருந்தது என்பது. சிட்னி தன் பயிற்சிப் பள்ளியில் வளர்த்த ஐசக் ஹீனியை 2014 டிராஃப்டில் பதினெட்டாவது தேர்வைக் கொடுத்து எடுத்துக்கொண்டது. அவரது திறமைக்கு அது மிகக் குறைந்த விலை என்று மற்ற கிளப்புகள் கொதித்தன. அதற்கு லீக் தடை போடவில்லை. அடுத்த ஆண்டே ஒவ்வொரு தேர்வுக்கும் புள்ளி மதிப்பு வைத்து, எல்லா கிளப்புகளுக்கும் பொருந்தும் புது ஏல முறையைக் கொண்டுவந்தது. 2015இல் அதே பள்ளியின் காலம் மில்ஸை மெல்போர்ன் அணி மூன்றாவது தேர்வில் கேட்டபோது, சிட்னி தன் பின்வரிசைத் தேர்வுகள் பலவற்றைக் கூட்டிக் கொடுத்துத்தான் அவரைத் தக்கவைக்க முடிந்தது. படியின் இடத்திலும் பிறகு வந்தது, குறைந்த சம்பளம் வாங்கும் வீரர்களுக்கு மட்டுமான வாடகை உதவி. டாஸ்மேனியாவிலிருந்து வரும் பையனுக்குத் தொடக்கத்திலேயே போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய பணம் அது.