நாவுக்குப் பயிற்சி உண்டு, செவிக்கு?

எங்கள் பங்கு ஆலயத்தில் பல்லாண்டுகள் திருப்பலி வாசகங்களை வாசித்தவர் அந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர். நுனிநா மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை மெல்ல வருடும்போது ழகரம் பிறக்கிறது எனும் தொல்காப்பியரின் இலக்கணத்தை, மாணவர்களாகிய எங்களைக் கண்ணாடிமுன் நிறுத்திக் கற்பித்தவர். பக்கவாதம் அவரது வலக்கையையும் நாவையும் ஒருங்கே தாக்கியது. இப்போது கண்ணாடிமுன் அமர்ந்திருப்பவர் அவரே.

நாவை நேராக நீட்டுகிறார். அது ஒரு பக்கமாய்ச் சாய்கிறது. கடைவாயின் இரு ஓரங்களையும் மாறி மாறித் தொடுகிறார். நாவால் கன்னத்தை உள்ளிருந்து தள்ளி, வெளியே விரலால் எதிர்த்துப் பிடிக்கிறார். பின்பு த, த, த. ட, ட, ட. க, க, க. பல்லில் தொடங்கி, அண்ணத்தில் ஏறி, அடிநாவில் முடிகிறது பாடம். ஒருகாலத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததை முதியவர் தமக்கே சொல்லிக்கொள்கிறார்.

அவரைக் காணச் சென்ற ஒரு மாலையில், என்னை நோக்கி, “த... த...” என்று தொடங்கினார். நெற்றி நரம்பு புடைத்தது. “தண்ணீரா ஐயா?” என்று விரைந்து எழுந்து குவளையை நீட்டினேன். ஒரு மிடறு அருந்தினார். பிறகு ஒன்றும் பேசவில்லை. விடைபெறும்போது அவருடைய துணைவியார் வாசல்வரை வந்து சொன்னார்: “உங்கள் தம்பி நலமா என்றுதான் காலையிலிருந்து கேட்க நினைத்துக்கொண்டிருந்தார்.”

உதவிதானே செய்தேன் என்று என் மனம் வாதாடியது. அந்த வாதம் நிலைக்கவில்லை. அவருடைய தடுமாற்றத்தைவிட, அந்த மௌனத்தை என்னால் தாங்கமுடியாமையே என்னை விரைவுபடுத்தியது. பிறருடைய சொல்லை நாம் முடித்துவைக்கும்போது யாருடைய துன்பத்தைத் தீர்க்கிறோம்?

நாக்கு எட்டு வகைத் தசைகளால் ஆனது. அதன் முழு வலிமையில் சிறு பகுதியே பேச்சுக்குத் தேவை. ஆகவே, நாவை வலுப்படுத்தும் பயிற்சி விழுங்குவதற்கு உதவக்கூடுமாயினும், அதனால் மட்டும் பேச்சு தெளிவடையும் என்று சொல்வதற்கில்லை என்பதே இத்துறை அறிந்தோர் பலரின் கருத்து. பேச்சுக்குத் துல்லியம் வேண்டும். அது பேசிப் பேசியே கைகூடும். பேசவோ, கேட்பவர் ஒருவர் வேண்டும். கண்ணாடியால் உதட்டைக் காட்ட முடியும், காத்திருக்க முடியாது. ஆசிரியரின் பயிற்சியில் பாதி அவர் கையில்; மறுபாதியோ என் கையில். அந்தப் பாதியை அன்று நான் பாழாக்கினேன்.

மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில், தெக்கப்பொலிப் பகுதியில், காதுகேளாத, திக்கிப் பேசும் ஒருவரை ஆண்டவரிடம் கொண்டுவருகிறார்கள். இயேசு அவரைக் கூட்டத்தினின்று தனியே அழைத்துச் செல்கிறார். வேடிக்கை பார்க்கும் கண்களுக்கு முன்னே அவரைப் பேசவைக்க அவர் விரும்பவில்லை போலும். முதலில் காதுகளில் விரலை இடுகிறார். அதன் பின்னரே நாவைத் தொடுகிறார். “எப்பத்தா” எனும் அச்சொல்லை ஒட்டிய சடங்கு குழந்தைத் திருமுழுக்கில் நிகழும்போதும் குருவானவர் செவியைத் தொட்ட பின்பே வாயைத் தொடுகிறார். நாவின் தீமையை யாக்கோபு விரிவாகப் பேசுவது தம் திருமுகத்தின் மூன்றாம் அதிகாரத்தில். கேட்பதில் விரைவு வேண்டும் என்று முதல் அதிகாரத்திலேயே சொல்லிவிடுகிறார். எங்கும் செவியே முந்துகிறது. நாமோ நாவை மட்டும் பழக்குகிறோம். மேடைப்பேச்சுக்குப் போட்டி வைக்கிறோம். கேட்பதற்குப் பரிசளித்த பள்ளி எதுவும் என் நினைவில் இல்லை.

செவிக்கும் எளிய பயிற்சிகள் உண்டு. தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, எதிரே அமர்ந்து முகத்தைப் பார்க்கலாம். அவர் இருக்கும்போதே அவரைப் பற்றி மனைவியிடம் விசாரிப்பதை விடலாம். சொல் வரும்வரை காத்திருக்கலாம். புரியாதபோது, “இன்னொருமுறை சொல்லுங்கள் ஐயா” என்று கேட்கலாம். புரிந்ததுபோல் தலையசைப்பது இரக்கத்தின் உடையணிந்த பொய்.

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்து மீண்டும் சென்றேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வெகுநேரம் ஆயிற்று. “தம்... பி?” என்றார். தம்பிக்கு வேலை கிடைத்த செய்தியைச் சொன்னேன். அவர் முகம் ஒரு பக்கமாக மலர்ந்தது.

ழகரம் இன்னும் அவருக்குத் திரும்பவில்லை. ஒருவேளை திரும்பாமலே போகலாம். காத்திருக்க நான் கற்றுக்கொண்டிருக்கிறேன்.