இரும்புப் பிடி

உங்களிடம் ஒரு பொருள் இருக்கிறது. உங்கள் ஊரில் வேறு யாரிடமும் கிடையாது. பல வருஷம் அலைந்து, நாலு பேரிடம் கெஞ்சி, கேட்ட காசைக் கொடுத்து வாங்கியது. திடீரென்று ஒரு நாள், ‘அடுத்த மாதம் முதல் அது எல்லோருக்கும் கிடைக்கும், சொற்ப விலைதான்’ என்று செய்தி வருகிறது. உங்களுக்குச் சந்தோஷம் வருமா, வயிறு எரியுமா?

அவசரப்பட்டுப் பதில் சொல்ல வேண்டாம். பொருள் தங்கமோ, மனையோ என்றால் யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும். நான் கேட்பது காமிக்ஸ் புத்தகத்தைப் பற்றி.

சிரிக்காதீர்கள். நாற்பது வயதைத் தாண்டிய, வீட்டுக் கடன் கட்டுகிற, பெண்ணை காலேஜில் சேர்த்துவிட்ட ஆசாமிகள் இந்தக் கேள்வியால் தூக்கம் கெட்டுக் கிடக்கிறார்கள். காரணம், இரும்புக்கை மாயாவி.

தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். மாயாவியின் நிஜப்பெயர் லூயிஸ் கிராண்டேல். ஆராய்ச்சிக்கூட உதவியாளர். விபத்தில் வலது கை போய், இரும்பில் ஒரு கை பொருத்திக்கொண்டவர். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். 1962-ல் பிரிட்டனில் தொடங்கிய ‘வேலியண்ட்’ வாரப் பத்திரிகையில் பிறந்தவர். படம் போட்டவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. 1972-ல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழே இவருடைய கதைதான். பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் காலண்டருக்கும் பேர்போன ஊர், லண்டன் மாயாவியைத் தமிழ் பேச வைத்தது. 1984-ல் அதே குடும்பத்திலிருந்து லயன் காமிக்ஸ் வந்தது. குற்றச் சக்கரவர்த்தி ஸ்பைடர் வந்தார். பெரிய பத்திரிகைக் குழுமத்தின் பலம் எதுவும் இல்லாமல், வாசகர்களை மட்டுமே நம்பி நடந்த கடை அது.

அந்தப் புத்தகங்கள் மலையும் ஏறின. மேட்டுப்பாளையத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து குன்னூர், கோத்தகிரி, ஊட்டி பெட்டிக்கடைகளில் கிளிப் மாட்டித் தொங்கின. எஸ்டேட் லைன் வீடுகளில் ஒரு புத்தகம் வந்தால் இருபது வீடு சுற்றித் திரும்பும். திரும்பும்போது அட்டை இருக்காது. அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதும் இல்லை.

குன்னூர் மார்க்கெட் பக்கத்தில் கடை வைத்திருக்கும் ஒரு நண்பர், பெயர் வேண்டாம், அப்படிப் படித்து வளர்ந்தவர்தான். அப்பா டீ ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். சம்பள நாளன்று மகனுக்கு ஒரு காமிக்ஸ் வாங்கி வருவார். ஒரு டிரங்குப் பெட்டி நிறையச் சேர்ந்தது. ஒரு மழைக்காலத்தில் ஓதம் ஏறி, பூஞ்சை பிடித்து, அம்மா மொத்தத்தையும் எடைக்குப் போட்டுவிட்டார்.

வேலைக்குப் போய்க் கையில் காசு வந்ததும் நண்பர் செய்த முதல் காரியம், இழந்த பெட்டியை மறுபடி கட்ட ஆரம்பித்ததுதான். கோவை உக்கடம் பழைய புத்தகக் கடைகள், சிவகாசி, சென்னை என்று அலைந்தார். ஒன்றிரண்டு ரூபாய்க்கு விற்ற இதழுக்குச் சில ஆயிரங்கள் கொடுத்தார். இன்று அவர் வீட்டில் கண்ணாடி அலமாரி இருக்கிறது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் பிளாஸ்டிக் உறை. செருப்பு டப்பாக்களில் வரும் சிலிகா ஜெல் பொட்டலங்கள் உள்ளே. ஈரம் அண்டாமல் இருக்க ராத்திரி முழுக்க ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு எரிகிறது. பக்கத்து வீட்டுப் பையன் வந்தால் கண்ணாடிக்கு வெளியே நின்று அட்டையைப் பார்க்கலாம். தொடக் கூடாது.

இடையில் தடுமாறிக்கொண்டிருந்த லயன், முத்து காமிக்ஸ் 2012 ஜனவரியில் ‘கம்பேக் ஸ்பெஷல்’ போட்டுப் புதுத் தெம்போடு திரும்பி வந்தன. பிறகு பழைய கதைகளின் மறுபதிப்புகளும் வர ஆரம்பித்தன. நண்பர் உயிரைக் கொடுத்துத் தேடிப் பிடித்த ஒரு கதையும் அந்த அறிவிப்பில் இருந்தது.

“உங்ககிட்ட சொல்றதுக்கென்னண்ணா... அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் வரலை. பொறாமையா இருந்துச்சு. சின்ன வயசுல இருந்து உசுரா நினைக்கிற கதை நாலு பேருக்குக் கிடைக்கப்போகுது, எனக்கு ஏன் கோபம் வருது? நான் கெட்டவனா?”

நான் பி.காம் படித்தவன். எனக்கு முதலில் தோன்றியது சப்ளை, டிமாண்ட் கணக்கு. “விலை இறங்கிடும்னு பயமா?” என்று கேட்டேன். “விலை இறங்கலைண்ணா. ஒரிஜினலுக்கு இப்பவும் கேக்கறாங்க. நான் விக்கவும் போறதில்லை” என்றார். ஆக, பணம் இல்லை. ‘என்னிடம் மட்டும்’ என்ற இரண்டு வார்த்தைதான் பிரச்னை. அந்த ‘மட்டும்’ பறிபோனதும் நஷ்டமாகத் தெரிகிறது.

இந்த இடத்தில் சேகரிப்பவர்களைத் திட்டிவிட்டுக் கட்டுரையை முடிப்பது சுலபம். நியாயம் அல்ல. நியூஸ்பிரிண்ட் காகிதம் தன்னைத் தானே தின்கிற ஜாதி. மரக்கூழிலேயே இருக்கிற லிக்னின் வெளிச்சம் பட்டால் பழுப்பாகும், வருஷம் ஏற ஏற அமிலம் ஊறி அப்பளமாக நொறுங்கும். மலைப் பனியும் வெள்ளிப்பூச்சியும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஆங்கில துரைமார்கள் தங்கள் புத்தகங்களுக்கு ஊட்டியில் நீலகிரி நூலகம் என்று ஒரு மாளிகையே கட்டிக்கொண்டார்கள். லைன் வீட்டுப் பிள்ளை படித்த காமிக்ஸுக்கு யார் அலமாரி செய்தார்கள்? 1984-ல் தொடங்கிய ராணி காமிக்ஸ் 2005-ல் நின்றுபோனது. அதன் பழைய இதழைப் பார்க்க வேண்டுமென்றால் இன்றைக்குப் பெரும்பாலும் இப்படி ஒரு கிறுக்கரின் வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டும்.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். சைன்போர்டு ஓவியர். நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், பத்திரிகை என்று மற்றவர்கள் குப்பை என்று ஒதுக்கியதையெல்லாம் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994-ல் சென்னையில் அது ஆராய்ச்சி நூலகமானது. அந்தப் பைத்தியம் இல்லாவிட்டால் அந்தக் காகிதமெல்லாம் வடை மடிக்கப் போயிருக்கும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. உ.வே.சாமிநாதையர் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த கதை உங்களுக்குத் தெரியும். ஏடு இருந்தும் கண்ணில் காட்டாத வீடுகள் இருந்தன. யாருக்கும் கொடுக்காமல் பரணில் வைத்துக் கடைசியில் செல்லுக்கும் ஆற்றுக்கும் கொடுத்தவர்களும் இருந்தார்கள். 1894-ல் புறநானூறு அச்சேறியபோது எந்த ஏட்டுச் சொந்தக்காரருக்கும் ஒரு எழுத்துகூடக் குறைந்துவிடவில்லை. கதையும் பாட்டும் விளக்குச் சுடர் மாதிரி. இன்னொரு திரியை ஏற்றினால் முதல் விளக்கு மங்குவதில்லை.

இன்னொரு கணக்கும் பார்ப்போம். ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் 1938-ல் சூப்பர்மேன் உரிமையை 130 டாலருக்கு விற்றார்கள். 10 சென்ட் விலையில் வந்த அந்த முதல் இதழின் ஒரு பிரதி 2024 ஏப்ரலில் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. நம் கணக்கில் கிட்டத்தட்ட 50 கோடி ரூபாய்! இதே சீகல்தான் நம் ஸ்பைடர் கதைகளில் பலவற்றை எழுதியவர். படைத்தவர்கள் இருவரும் 1975-ல் போராடித்தான் ஆளுக்கு வருஷம் 20,000 டாலர் உதவித்தொகை வாங்க முடிந்தது. பழைய புத்தகச் சந்தையில் பணம் ஒரு சேகரிப்பாளர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும். எழுதியவருக்கோ, வரைந்தவருக்கோ, சிவகாசி அச்சகத்துக்கோ அதில் ஒரு பைசா கிடையாது. மறுபதிப்பு வாங்கினால்தான் அடுத்த கதைக்கு ராயல்டி கட்டக் காசு போகும். அதனால், ‘இந்தத் தொடர் என் உயிர்’ என்று சொல்லிக்கொண்டே மறுபதிப்பு வேண்டாம் என்பவர், தான் நேசிக்கிற ஒன்றுக்குச் சோறு போகும் வழியைத்தான் அடைக்கிறார்.

‘அப்படியானால் எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி ஊருக்கே அனுப்பிவிடட்டுமா?’ என்று கேட்கலாம். விற்பனையில் இருக்கும் புத்தகத்தை நகலெடுத்து விநியோகிப்பது தர்மம் ஆகாது. அதுவும் பதிப்பாளரின் சோற்றில்தான் கை வைக்கிறது. கையில் இருக்கும் புத்தகத்தை ஒரு பிள்ளைக்குப் படிக்கக் கொடுப்பது வேறு, அச்சகத்துக்குப் போட்டியாகக் கடை திறப்பது வேறு.

நண்பரிடம் நான் சொன்னது இதுதான். “உங்க அலமாரியில ரெண்டு பொருள் இருக்கு. ஒண்ணு கதை. அது உங்களது இல்லை, எப்பவும் இருந்ததும் இல்லை. இன்னொண்ணு அந்தக் காகிதம். முதல் பக்கத்துல எவனோ ஒரு பையன் பேரு எழுதி, ஏழாம் வகுப்பு ‘ஆ’ பிரிவுன்னு போட்டிருக்கானே, அது. சம்பள நாள்ல அப்பா வாங்கிட்டு வந்த அதே இதழ்ங்கிற நினைப்பு. லட்சம் காப்பி அச்சடிச்சாலும் அதை யாரும் பறிக்க முடியாது. அப்புறம் எதுக்குப் பொறாமை?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “மறுபதிப்புல ரெண்டு காப்பி சொல்லிடறேன். ஒண்ணு பக்கத்து வீட்டுப் பையனுக்கு. பழசை மட்டும் கேக்காதீங்க” என்றார். கேட்க மாட்டேன். எல்லாவற்றையும் தானம் செய்கிறவர்தான் நல்லவர் என்று நான் சொல்லவில்லை. காப்பாற்றவும் ஒரு கை வேண்டியிருக்கிறது. பல்பு எரியட்டும்.

காமிக்ஸ் படிக்காத உங்களிடமும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். ஒரு சமையல் குறிப்பு, ஒரு கைவைத்தியம், தொழிலில் ஒரு நுணுக்கம், தாத்தா சொன்ன ஒரு கதை. அது நாளைக்கே ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டால் உங்களுக்கு நிஜமாக என்ன குறையும்? மாயாவிக்கு மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்து கை மட்டும் தெரியும். ‘எனக்கு மட்டும்’ என்ற எண்ணம் பாயும்போது நமக்கும் அதுதான் நடக்கிறது. மனுஷன் காணாமல் போய், பிடித்திருக்கும் பிடி மட்டும்தான் மற்றவர்கள் கண்ணுக்குத் தெரிகிறது.