பிள்ளையின் ஏடு யாருக்குரியது?

பிள்ளையின் மதிப்பெண் அட்டையில் கையெழுத்திடும் உரிமையை எந்தப் பள்ளியும் நமக்கு மறுத்ததில்லை. ஆனால் அதே பள்ளியின் கணினியில் அப்பிள்ளையைப் பற்றி வேறென்ன எழுதப்பட்டுள்ளது என்று கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? எந்தப் பாடத்தை எப்போது திறந்தான், எந்த வினாவில் எவ்வளவு நேரம் தயங்கினான், இரவு எதைத் தேடினான் என்பதையெல்லாம் குறித்துவைக்கும் ஆற்றல் இன்றைய கல்விச் செயலிகளுக்கு உண்டு. அக்குறிப்பைக் காட்டுங்கள் என்று பெற்றோர் கேட்கலாமா? கிடைத்தபின் அதை என்ன செய்வது? இரண்டாம் கேள்வியே நம்மை மிகுதியும் உறுத்துகிறது.

முதற் கேள்விக்கு அமெரிக்க நாடு 1974ஆம் ஆண்டிலேயே விடை கண்டது. செனட்டர் ஜேம்ஸ் பக்லி முன்மொழிய, அதிபர் ஜெரால்டு ஃபோர்டு ஒப்பமிட்ட குடும்பக் கல்வி உரிமைகள், தனியுரிமைச் சட்டம், நடுவண் அரசின் நிதி பெறும் பள்ளிகளுக்கு ஒரு கடமையை விதித்தது. பெற்றோர் கேட்டால் 45 நாள்களுக்குள் பிள்ளையின் பதிவேட்டை அவர்கள் பார்வைக்கு வைத்தாக வேண்டும். தவறான குறிப்பைத் திருத்தக் கோரவும் இடமுண்டு. காகிதக் கோப்புகளின் காலத்தில் பிறந்த சட்டம் இது. ‘அந்தத் தகவல் எங்களிடம் இல்லை, நிறுவனத்திடம் இருக்கிறது’ என்று இன்று ஒரு பள்ளி கைவிரிக்கலாம். பள்ளியின் சார்பில் பிறர் பேணும் பதிவேடும் பள்ளியின் பதிவேடே என்பதுதான் அச்சட்டத்தின் நிலை. ஆயினும் விசைப்பலகையின் ஒவ்வொரு தட்டலும் ‘பதிவேடு’ ஆகுமா என்பது வழக்காடுவோர்க்கு இன்னும் விருந்துதான்.

பெற்றோர் கேளாதிருந்தால் என்ன நேரும் என்பதற்குப் பென்சில்வேனியா மாநிலத்து லோயர் மெரியன் பள்ளி மாவட்டம் சான்று. அங்கு உயர்நிலைப் பள்ளி மாணவர் ஏறத்தாழ 2,300 பேருக்கு மடிக்கணினி வழங்கினார்கள். காணாமற்போனால் கண்டுபிடிக்கவென்று அதில் ஒரு மென்பொருளும் இருந்தது. பள்ளியிலிருந்தே அதை இயக்கலாம். கணினியின் கேமரா தன் எதிரே இருப்பதைப் படமெடுத்து அனுப்பும். இச்செய்தியைப் பெற்றோருக்கு யாரும் சொல்லவில்லை. வீட்டில் தகாததொன்றைச் செய்ததாகத் தம் மகன்மேல் குற்றஞ்சாட்டிப் பள்ளியார் அத்தகைய படத்தையே சான்றாகக் காட்டினர் என்று கூறி, 2010 பிப்ரவரியில் ஒரு குடும்பம் வழக்குத் தொடுத்தது. விசாரணையில் வெளிவந்தவை 50,000க்கும் மேற்பட்ட படங்கள். அவற்றுள் பெரும்பகுதி மெய்யாகவே களவுபோன கணினிகளிலிருந்து வந்தவை என்பதையும் நேர்மையோடு சொல்லியாக வேண்டும். அவ்வாண்டு அக்டோபரில் 6,10,000 டாலருக்கு இணக்கம் ஏற்பட்டது.

எடுத்த படங்களை மாணவரும் பெற்றோரும் பார்க்க, நீதிமன்றத்தின் மேற்பார்வையில் வழி செய்யப்பட்டது. அந்த இடத்தில் நம்மை நிறுத்திப் பார்ப்போம். பதினைந்து வயது மகள்; அவளுடைய அறை; அவள் அறியாத ஒரு கண். அயலார் ஏற்கெனவே பார்த்துவிட்டனர். இப்போது தந்தையின் முன் படங்கள் இருக்கின்றன. பாராதிருந்தால் மகளுக்கு நேர்ந்த தீங்கின் அளவு தெரியாது. பார்த்தாலோ, அவள் இசைவின்றி அவளைப் பார்த்தவர்களோடு அவரும் சேர்ந்துவிடுகிறார். முதலில் அவள் பார்க்கட்டும், பிறகு ‘நான் பார்க்கலாமா, அம்மா?’ என்று அவர் கேட்கட்டும் என்பதே நம் மனச்சான்றுக்குப் படுகிறது. பெற்ற பிள்ளையிடம் அனுமதி கேட்பதா என்று நகைப்பாரும் உளர்.

அவர்களுக்கு அந்த 1974ஆம் ஆண்டுச் சட்டமே ஒரு மறுமொழி வைத்திருக்கிறது. பிள்ளைக்கு 18 வயது நிரம்பியதும், பார்க்கும் உரிமை பெற்றோரை விட்டுப் பிள்ளையிடம் போய்விடுகிறது. சிறுவனின் காணியைக் காப்பாளர் கவனித்து வந்து, அவன் ஆளானதும் ஒப்படைப்பது போன்றதன்றோ இது! காணி அன்றும் அவனுடையதுதான். நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்காகப் பெற்றோரையே நிறுத்துகிறது. பிள்ளைக்காக, பள்ளியின் முன்பும் நிறுவனத்தின் முன்பும் நிற்பதற்கு. பிள்ளைக்கு எதிரே நிற்பதற்கன்று.

இதைச் சொல்லும்போதே நமக்கும் ஒரு தயக்கம் எழாமலில்லை. தன் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை ஒரு சிறுவன் கணினியிடம் மட்டும் வெளியிட்டிருந்து, அதைப் பள்ளி அறிந்தும் நமக்கு மறைத்தால் பொறுப்போமா? பொறோம். ஏழு வயதுக் குழந்தையிடம் இசைவு கேட்டுக்கொண்டிருக்கவும் இயலாது. ஆனால் நாள்தோறும் நிகழ்வது இதுவன்று. என்ன சேகரிக்கிறீர்கள், யார் பார்க்கிறார்கள், யாருக்குத் தருகிறீர்கள், எப்போது அழிப்பீர்கள் என்னும் கேள்விகள் பிள்ளையின் உள்ளத்தைத் திறக்காமலே கேட்கத்தக்கவை. இவற்றை நாம் வெட்கமின்றிக் கேட்கலாம், விடை வரும்வரை விடாமலும் கேட்கலாம். நம்மிடம் கேட்கக் கூசி இரவில் கணினியிடம் அவன் கேட்டது வேறு வகை.

அதையும் பார்த்தே தீரவேண்டுமெனில், விண்ணப்பத்தில் நம் பெயருக்குக் கீழே அவனும் கையெழுத்திடட்டும். பள்ளி அலுவலகத்தில் அது விந்தையாகத் தோன்றினால் தோன்றட்டும். அவனுடைய மதிப்பெண் அட்டையில் இத்தனை ஆண்டுகளாக நாம் மட்டுந்தானே கையெழுத்திட்டு வந்திருக்கிறோம்.