உப்பு ஊரில் ஒரு தகரக் கொட்டகை

ஆம்பூரில் தகரத்துக்குப் பெயிண்ட் அடிப்பது முக்கால்வாசி தண்ணீர் வேலை. இது டேனரி ஊர். பச்சைத் தோல் அழுகாமலிருக்க, அதன் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் உப்பைத் தூவுகிறார்கள். டேனரியில் ஊறப்போடும் முன் உதறித் தட்டும்போது அது தரையில் கொட்டுகிறது, தூசியாகவும் பறக்கிறது. தோல் கிடங்கை ஒட்டிய கொட்டகையென்றால் சுவர், கூரை, போல்ட் இடுக்கு எங்கும் வெள்ளையாகப் படிந்திருக்கும். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். அதைக் கழுவாமல் மேலே பூசினால் பெயிண்டுக்கு அடியில் நீர் கோத்து, கொப்புளம் கொப்புளமாகத் தூக்கிவிடும்.

கம்பி பிரஷ்ஷுக்கு உதிர்வது துரு மட்டுந்தான். உப்பு குழிக்குள் இன்னும் ஆழமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் முதலில் கழுவி, பிறகு சுரண்டி, மறுபடி கழுவ வேண்டும். எதைக் கொண்டு கழுவுவது? இங்கே பல இடங்களில் போர் தண்ணீரே கரிக்கிறது. குடிக்க வருகிற காவிரிக் கூட்டுக் குடிநீரைப் பாலாற்றங்கரைத் தகரத்தின்மேல் வாளி வாளியாக ஊற்றுகையில் கை கூசுகிறது. டேனரிக் கழிவால் பாலாறு கெட்டதை எதிர்த்து வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாடு நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. இந்த வாளிகள் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

பிரைமர் டப்பாவைத் திறந்தால் ராணிப்பேட்டை நினைவுக்கு வந்துவிடுகிறது. விமானங்களுக்கு அடித்த மஞ்சள் பிரைமரில் துத்தநாகக் குரோமேட் இருந்தது. உலோக அரிப்பைத் தடுப்பதில் அதற்கு ஈடு அபூர்வம். ஆனால் அதிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் தருவது. ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் ஆலையின் வளாகத்தில் லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவாகக் குவிந்திருந்ததும் அதே குரோமியந்தான். உலோகத்தைக் காக்கிற ஒன்று மண்ணுக்கு வந்து சேர்ந்த விதம் அது.

என் கொட்டகைக்கு நான் வாங்கியது ரெட் ஆக்சைடு பிரைமர். அதன் சிவப்பும் இரும்பு ஆக்சைடுதான், துருவுக்கு நெருங்கிய சொந்தம். எரிந்து முடிந்த சாம்பல் மறுபடி எரியாததுபோல, அந்தத் தூள் இனித் துருப்பிடிக்க வழியில்லை. பிசினோடு சேர்ந்து ஈரத்துக்கு மறைப்பாக நிற்கும். அவ்வளவே அதன் வேலை.

புது ஜி.ஐ. ஷீட்டில் சேதி வேறு. அதன் துத்தநாகப் பூச்சின்மேல் எனாமலை நேராக அடித்தால், பெயிண்டில் உள்ள எண்ணெயும் துத்தநாகமும் கலந்து சோப்பாகித் தோல் உரிவதுபோல் உரியும். பளபளப்பு மிச்சமிருக்கும் இடங்களுக்கு எட்ச் பிரைமர் வேண்டும். கடைக்காரர் இதைச் சொல்வதில்லை, நாம்தான் கேட்க வேண்டும்.

வேலூர் வெயிலில் சித்திரை மாதம் தகரத்தைத் தொட முடியாது. பிரஷ் இழுக்கும் முன்பே தின்னர் பறந்து, கோடு கோடாக நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு. தை, மாசிதான் தோது. அப்போதும் பனி காய்ந்த பிறகு தொடங்கி வெயில் ஏறுமுன் நிறுத்திவிட வேண்டும். மீதிப் பொழுது சும்மா இருக்கலாம். எனக்கு இந்த வேலையில் பிடித்ததே அதுதான்.

பெயிண்டர் பாய் சின்ன பிரஷ்ஷை எடுத்து, போல்ட் தலைகளையும் ஷீட்டின் வெட்டு விளிம்புகளையும் மட்டும் முதலில் பூசிக்கொண்டு வந்தார். விளிம்பில் பெயிண்ட் வழிந்து மெலிந்துவிடும், துரு அங்கேதான் ஆரம்பிக்கும். “நடுவுல யாரு வேணா அடிப்பாங்க சார். இதுக்குக் கூலி கேட்டாத்தான் வீட்டுக்காரருக்குக் கோவம் வருது” என்றார். ஒரு காலைப்பொழுது அதற்கே போயிற்று. கேட்டதைக் கொடுத்தேன்.