மந்தையோடு தங்கிய மேய்ப்பர்

மறைசாட்சியரின் பெயர்களை நாம் நன்கறிவோம்; அவர்தம் விழாக்களைச் சிறப்பிக்கிறோம். மறைசாட்சியராகாதவர்களைப் பற்றியோ நாம் எண்ணுவதே இல்லை. அரசாணை வந்தபோது தலைகுனிந்து, அடங்கி, தம் மக்களோடு தங்கிவிட்ட குருக்கள் எத்தனையோ பேர். அவர்களை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? கோழைகள் என்பதா? நல்ல மேய்ப்பர்கள் என்பதா? இக்கேள்வியை நம்முன் நிறுத்துகிறது இங்கிலாந்தின் தென்மேற்கே, டெவன் மாவட்டத்தில், எக்ஸ்மூர் என்னும் மேட்டுநிலத்தின் விளிம்பில் உள்ள மோர்பாத் என்ற சிற்றூர்.

அங்கே புனித ஜார்ஜியாரின் பெயரால் இடைக்காலத்தில் எழுப்பப்பெற்ற பங்கு ஆலயம் ஒன்று உண்டு. கிறிஸ்டோபர் டிரிக்கி என்னும் குரு 1520-இல் அப்பங்கின் பொறுப்பேற்றார். 1574-இல் இறக்கும்வரை அவர் அங்கேயே பங்குத்தந்தையாக இருந்தார். ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றல் கடிதத்தை எதிர்பார்த்திருக்கும் நம் போன்ற குருக்களுக்கு இந்த 54 ஆண்டுகள் மலைப்பையே தருகின்றன. அவர் தம் கைப்பட எழுதி, மக்கள்முன் வாசித்த பங்குக் கணக்குகள் அழியாமல் எஞ்சியுள்ளன. ஈமன் டஃபி என்னும் கத்தோலிக்க வரலாற்றாசிரியர் அவற்றை ஆராய்ந்து 2001-இல் நூலாக்கிய பின்னர் உலகம் அவரைப் பரவலாக அறிந்தது.

பங்குக் கணக்கு என்றதும் நமக்கு வரவும் செலவும், நிதிக்குழுவின் முணுமுணுப்புமே நினைவுக்கு வரும். மோர்பாத்தின் கணக்கோ ஒரு சமூகத்தின் மூச்சு. 33 குடும்பங்களே வாழ்ந்த ஏழை ஊர் அது. ஆலயத்துக்கென ஆடுகள் இருந்தன. அவற்றை மக்கள் தங்கள் ஆடுகளோடு சேர்த்து மேய்த்தனர். அவற்றின் கம்பளியை விற்ற பணத்தில் திருவுருவங்களின்முன் மெழுகுதிரிகள் எரிந்தன. இளைஞர்க்குத் தனி நிதி, இளம்பெண்களுக்குத் தனி நிதி. எக்சிட்டர் நகரின் மறைசாட்சியாகிய கன்னி புனித சிட்வெல்லின் பக்தியை டிரிக்கியே அங்கு வளர்த்தார். ஒரு பெண்மணி தம் வெள்ளித் திருமண மோதிரத்தை அப்புனிதைக்கு விட்டுச் சென்றார். திருவுருவத்துக்கு வெள்ளிக் காலணி செய்ய அது பயன்பட்டது. இறந்தோர்க்கான திருப்பலிக்குரிய கறுப்புத் திருவுடைகளை வாங்க அக்குரு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்தார். திருவுடைகள் 1547-இல் வந்து சேர்ந்தன.

காலம் அதற்குள் மாறிவிட்டது. எட்டாம் ஹென்றியின் 1538-ஆம் ஆண்டு ஆணை, திருவுருவங்களின்முன் எரிந்த திரிகளை ஏற்கெனவே அணைத்திருந்தது. 1547-இல் அரியணை ஏறிய சிறுவன் ஆறாம் எட்வர்டின் ஆட்சியில் திருவுருவங்களே அகற்றப்பட்டன. 1549-இல் புதிய ஆங்கில வழிபாட்டு நூல் திணிக்கப்பட்டபோது டெவனும் கார்ன்வாலும் கொதித்தெழுந்தன. மோர்பாத்தும் தன் இளைஞர் ஐவரை, பங்குப் பணத்தில் வழிச்செலவு கொடுத்து, எக்சிட்டரை முற்றுகையிட்டோரின் பாசறைக்கு அனுப்பியது. அரச படை கிளர்ச்சியை நசுக்கியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

1553-இல் கத்தோலிக்க அரசி மேரி வந்ததும், மக்கள் தம் வீடுகளில் பாதுகாத்திருந்த ஆலயப் பொருள்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொணர்ந்தனர். அதைப் பதிவுசெய்யும் பக்கங்களில் அக்குருவின் மகிழ்ச்சி வெளிப்படையாகத் தெரிகிறது. ஐந்தே ஆண்டுகளில் அரசி மறைந்தார். 1559-இல் முதலாம் எலிசபெத்தின் சட்டம் திருப்பலியை மீண்டும் விலக்கியது. டிரிக்கி அப்போதும் கீழ்ப்படிந்தார். அதே ஆலயத்தில், அதே மக்கள்முன், புதிய நூலைத் திறந்து வாசித்தார்.

இதை நாம் எப்படிப் புரிந்துகொள்வது? ஆயர்களுள் ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் அரசியின் உறுதிமொழியை மறுத்துப் பதவி இழந்தனர். பங்குக் குருக்களுள் பெரும்பாலோர் தங்கிவிட்டனர். ஆயர்களுக்குத் துணிவு இருந்தது, குருக்களுக்கு இல்லை என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் பங்குக் குருவின் நிலை வேறு. அவர் திருமுழுக்குக் கொடுத்த குழந்தை அவர் கண்முன் தாயாகிறாள். அவள் பிள்ளைக்கும் அவரே திருமுழுக்குக் கொடுக்கிறார். அந்த மக்களை யார் கையில் விட்டுப் போவது?

வாண்டல் இனத்தார் ஆப்பிரிக்காவைச் சூறையாடிய நாள்களில், குரு தப்பி ஓடலாமா என்று ஆயர் ஒனராத்துஸ் கேட்டதற்கு, மக்களுக்கு அருளடையாளங்கள் தேவைப்படும்வரை மேய்ப்பர் அவர்களைக் கைவிடலாகாது எனப் புனித அகுஸ்தினார் மறுமொழி எழுதினார். அவரும் 430-இல், முற்றுகையிடப்பட்ட ஹிப்போவிலேயே உயிர்நீத்தார். டிரிக்கிக்கு இது ஆதரவாகத் தோன்றும். ஆனால் அகுஸ்தினார் தங்கச் சொன்னது அருளடையாளங்களை வழங்குவதற்காக. மோர்பாத்திலோ, தங்க வேண்டுமானால் திருப்பலியையே கைவிட வேண்டியிருந்தது. மருந்தைக் கொட்டிவிட்டு நோயாளியின் அருகில் அமர்ந்திருக்கும் மருத்துவரை ஒத்தது அந்நிலை. அருகில் அமர்வதும் அன்புதான், மறுக்க மாட்டோம்.

மக்கபேயர் இரண்டாம் நூலில் வரும் முதியவர் எலயாசரை நினைவுகூர்வோம். விலக்கப்பட்ட இறைச்சியை உண்பதுபோல் நடித்தால் போதும், உயிர் பிழைக்கலாம் என்று நண்பர்கள் வேண்டினர். இளைஞர்கள் தம்மைக் கண்டு நெறிதவறுவர் என்பதே அவர் மறுத்ததற்குக் காரணம். டிரிக்கியின் செயலில் நம் மனத்தை உறுத்துவதும் இதுவே. அவருக்குப் பழைய நினைவு இருந்தது. புதிய நூலை வாசிக்கையிலும் அவர் உள்ளத்தில் சிட்வெல்லின் திரி எரிந்திருக்கலாம். பிள்ளைகளுக்கு அந்நினைவு ஏது? அவர்கள் கண்டது, தங்கள் குரு அரசாணைக்கு ஏற்ப மாறுவதை மட்டுமே. தங்கியதன் விலையைத் தங்கியவர் மட்டும் கொடுக்கவில்லை.

அதே டெவன் மாவட்டத்தில் பிறந்த புனித கத்பர்ட் மேய்ன், புதிய முறையில் குருவாகிப் பின் கத்தோலிக்கராகி, கடல்கடந்து சென்று 1575-இல் குருப்பட்டம் பெற்றுத் திரும்பினார். டிரிக்கி இறந்த மூன்றாம் ஆண்டு, 1577-இல், அவர் கார்ன்வாலில் தூக்கிலிடப்பட்டார். மேய்னை வணங்குகிறோம். ஆயினும் டிரிக்கியைத் துரோகி என அழைக்க நமக்கு நா எழவில்லை. நம் பங்கில், நம் மக்கள் நடுவே, அத்தகைய ஆணை ஒன்று வந்திருக்குமானால் என்ன செய்திருப்போம் என்று உறுதியாய்ச் சொல்லக்கூடிய குரு யார்?

மோர்பாத் ஆலயம் இன்று ஆங்கிலிக்க சகோதரருக்கு உரியது. 1574-இல் அம்முதிய குரு இறந்தபோது, அவ்வூரில் பதினைந்து வயதுக்குட்பட்ட எந்தப் பிள்ளையும் அந்த ஆலயத்தில் திருப்பலி கண்டதில்லை. இறந்தோர்க்கான திருப்பலிக்கெனக் கறுப்புத் திருவுடை வாங்க இருபது ஆண்டுகள் காசு சேர்த்தவருக்கு, அத்திருப்பலியை நிறைவேற்ற நாட்டின் சட்டம் இடம்தரவில்லை.