முதுகு காட்டிய சிநேகம்



ஒருவனை முதுகு காட்டினவன் என்று சொன்னால் அது நமக்குள் பெரிய வசை. போர்க்களத்தில் முதுகு காட்டினவன் கோழை. துன்பத்தில் கிடக்கும் சிநேகிதனுக்கு முதுகு காட்டினவன் துரோகி. ஆனாலும், முதுகு காட்டியதே சிநேகமாக விளங்கிய சம்பவம் ஒன்று உண்டு. உலகமெங்கும் திரளான ஜனங்கள் தொலைக்காட்சியில் அதைக் கண்டார்கள். நீரும் கண்டிருக்கலாம். கண்டிராவிட்டாலும் பாதகமில்லை, சொல்லுகிறேன், கேளும்.

2021-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 12-ந் தேதி, சனிக்கிழமை சாயங்காலம். டென்மார்க் தேசத்தின் தலைநகராகிய கோப்பன்ஹேகனில், பார்க்கன் என்ற மைதானத்தில், டென்மார்க்கும் பின்லாந்தும் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தன. ஐரோப்பிய தேசங்களின் கோப்பைக்கான பந்தயம் அது. 2020-ல் நடக்க வேண்டியது, கொரோனா கொள்ளைநோயால் ஓராண்டு தள்ளிப்போயிருந்தது. முதற்பாதி முடியச் சில நிமிஷங்களே இருந்தன. கோட்டுக்கு வெளியே போன பந்தை டென்மார்க் வீரன் ஒருவன் கையால் எறிந்தான். அதை வாங்க வந்த பத்தாம் எண் ஆட்டக்காரர், யாரும் இடிக்காமல், யாரும் தடுக்காமல், வெட்டுண்ட மரம்போல் முன்னால் சாய்ந்து விழுந்தார்.

அவர் பெயர் கிறிஸ்தியன் எரிக்சன். வயது 29. திடகாத்திரமான சரீரம், தேசத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர். அப்படிப்பட்டவருடைய இருதயம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோயிற்று.

அடுத்து நடந்தவற்றை வரிசையாகக் கவனியும். நடுவராயிருந்த அந்தோனி டெய்லர் என்ற ஆங்கிலேயர் நொடிப்பொழுதில் ஆட்டத்தை நிறுத்தி, மருத்துவர்களைக் கையசைத்து அழைத்தார். அணித்தலைவர் சீமோன் கியேர் ஓடிவந்து, விழுந்தவரின் மூச்சு அடைபடாமலிருக்கும்படி பார்த்துக்கொண்டார். அணி மருத்துவர் மோர்ட்டன் பூசன் வந்து சேர்ந்தபோது மூச்சும் இருந்தது, நாடியும் இருந்தது. சற்று நேரத்தில் இரண்டும் நின்றுபோயின. மருத்துவர்கள் மார்பை அழுத்தத் தொடங்கினார்கள். இருதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவியைக் கொண்டு ஒரே ஒரு அதிர்ச்சி கொடுத்தார்கள். இருதயம் மறுபடியும் துடித்தது.

இதற்கிடையில் மற்ற வீரர்கள் என்ன செய்தார்கள்? அவர்கள் மருத்துவர்களல்ல, செய்வதற்கு அவர்களுக்கு வேலையில்லை. என்றாலும் விலகிப் போகவில்லை. தோளோடு தோள் சேர்ந்து, விழுந்தவரைச் சுற்றி வளையமாக நின்றார்கள். பலர் தங்கள் முகத்தை வெளியே திருப்பி, முதுகை அவர் பக்கமாக வைத்தார்கள். சிலருடைய கண்களில் தாரை தாரையாய்க் கண்ணீர். சிலர் ஜெபித்தார்கள். அங்கியைக் கழற்றிய மார்போடு, சாவோடு போராடிக்கொண்டு கிடந்த அந்த மனிதனை, ஆயிரமாயிரம் கண்களும் கேமராக்களும் வேடிக்கை பார்க்கக்கூடாது என்பதே அவர்கள் கருத்து. எரிக்சனின் துணைவி கலங்கியவளாய் மைதானத்துக்குள் வந்தபோது, கியேரும் கோல்காவலர் காஸ்பர் ஷ்மைக்கேலும் அவளைத் தேற்றினார்கள். அவரைத் தூக்கிச் சென்றபோது மறைவாகப் பிடித்த துணிகளில் பின்லாந்துக் கொடிகளும் இருந்தன. ஆம், எதிரணியின் கொடிதான்! பின்னர் அரங்கத்தில் பின்லாந்தார் ஒருபக்கம் "கிறிஸ்தியன்" என்று கூவ, டென்மார்க்கார் மறுபக்கம் "எரிக்சன்" என்று பதில் கூவினார்கள்.

வாசகரே, இந்த வளையத்தை நினைக்கும்போது வேதாகமத்தின் முதற் புத்தகத்தில் உள்ள ஒரு சரித்திரம் என் ஞாபகத்துக்கு வருகிறது. ஜலப்பிரளயத்துக்குப்பின் நோவே என்ற பிதாப்பிதா திராட்சத் தோட்டம் போட்டு, அதின் ரசத்தைக் குடித்து, வெறித்து, தம் கூடாரத்தில் ஆடையின்றிக் கிடந்தார். காம் என்ற மகன் அதைக் கண்டான். வெளியே போய்ச் சொன்னான். சேம், யாப்பேத் என்ற மற்ற இருவரும் என்ன செய்தார்கள்? ஒரு போர்வையைத் தோள்மேல் போட்டுக்கொண்டு, பின்முகமாகவே நடந்துவந்து, தகப்பனைப் பாராமலே அவரை மூடினார்கள். அவர்களும் முதுகு காட்டினவர்கள்தான். அதற்காகவே ஆசீர்வாதம் பெற்றார்கள். காம் செய்த தப்பிதம் என்ன? அவன் தகப்பனை அடிக்கவில்லை, திருடவில்லை. பார்த்தான், சொன்னான்; அவ்வளவுதான்.

பார்த்தான், சொன்னான்! இந்தக் காலத்தில் நம்மில் எத்தனை பேர் காமின் சந்ததியாய் இருக்கிறோம்? அன்று கோப்பன்ஹேகனில் ஆட்டக்காரர்கள் மறைத்து நிற்கையில், கேமராக்கள் இடுக்கு வழியே எட்டிப் பார்த்தன. மார்பை அழுத்துவதும், துணைவி அழுவதும் வீடுகளின் கூடம்வரைக்கும் போய்ச் சேர்ந்தது. ஜனங்கள் முறையிட்டதின்பேரில், இங்கிலாந்தின் பி.பி.சி. நிறுவனம் அந்தக் காட்சிகளுக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டது. நல்லது. ஆனால் நம் சட்டைப்பையிலும் ஒரு கேமரா இருக்கிறதே! ரஸ்தாவில் வண்டி மோதி ஒருவன் இரத்தத்தில் கிடக்கிறான். சுற்றிலும் வளையமாய்க் கூட்டம் நிற்கிறது. எல்லாருடைய முகமும் உள்ளே. எல்லாருடைய கையிலும் கைப்பேசி. இதுவும் வளையம்தான், அதுவும் வளையம்தான். ஆனால் ஒன்று போர்வை, மற்றொன்று கழுகுக் கூட்டம். எரிக்கோவுக்குப் போகிற வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்டு விலகிப்போன இருவரும்கூட அவனைப் படம்பிடித்து ஊருக்குக் காட்டவில்லை.

விழுகிறதென்றால் சரீரம் விழுவது மாத்திரமல்ல. கடன்பட்டுக் கடையை மூடினவன் இருக்கிறான். குடியினால் தெருவில் விழுந்தவன் இருக்கிறான். மகள் வீட்டைவிட்டுப் போனதால் தலைகுனிந்து பூசைக்கு வருகிற தாய் இருக்கிறாள். இவர்களும் நம் கண்முன்னே விழுந்தவர்களே. அவர்களைச் சுற்றியும் நாம் வளையம் கட்டுகிறோம். எந்த வளையம்? கோயில் வாசலிலும், கிணற்றடியிலும், கலியாண வீட்டுப் பந்தியிலும் நாம் பேசுகிற பேச்சே அதற்குச் சாட்சி. ஆடையில்லாதவனுக்கு ஆடை கொடுப்பது தர்மக் கிரியைகளில் ஒன்று என்று சிறுவயதில் ஞானோபதேசத்தில் படித்தோம். ஒருவனுடைய மானத்தை மூடுவதும் அவனுக்கு உடுத்துவிப்பதே. புறணி பேசுகிறவன் மூடியிருந்த துணியையும் உருவுகிறவன்.

இங்கே நீர் ஒன்று கேட்கலாம்: "அப்படியானால் எந்தக் குற்றத்தையும் மூடி மறைக்கவேண்டும் என்கிறீரா?" இல்லை. வளையத்தின் நடுவே என்ன நடந்தது என்பதை மறவாதேயும். அங்கே மருத்துவர்கள் இருந்தார்கள்; சிகிச்சை நடந்தது. மறைத்தது வேடிக்கைக்காரனிடமிருந்தே அன்றி மருத்துவனிடமிருந்து அல்ல. எளியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் தீங்கு செய்கிறவனைக் காப்பாற்ற வளையம் கட்டுவது சிநேகமல்ல, பாவத்துக்கு உடந்தை. அதைச் சொல்லவேண்டியவர்களிடம் சொல்லியே ஆகவேண்டும். குடும்பத்தின் பெயருக்குப் பயந்து நோயையும் குடியையும் வைத்தியனுக்கும் காட்டாமல் ஒளிப்பதும் சிநேகமல்ல. உண்மையான மறைவு எது? பாவசங்கீர்த்தனத் தொட்டிலைப் பாரும். அங்கே பாவி தன் காயத்தைக் குருவானவரிடம் முழுதும் திறந்து காட்டுகிறான். உலகம் முழுவதுக்கும் அது மூடப்பட்டிருக்கிறது. திறப்பதும் மூடுவதும் ஒரே இடத்தில் நடப்பதால்தான் அங்கே ஆத்துமம் பிழைக்கிறது.

இன்னொன்று. சிநேகம் ஆயத்தமாயிருக்க வேண்டும். கருவி மைதானத்தின் ஓரத்தில் தயாராயிருந்தது. அதைக் கையாளத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். ஆகையால் எரிக்சன் பிழைத்தார். 2003-ஆம் ஆண்டு ஜூன் 26-ந் தேதி பிரான்சு தேசத்து லியோன் நகரில், கமரூன் தேசத்து மார்க் விவியன் ஃபோயே என்ற 28 வயது வீரர் இவ்விதமே ஆட்டத்தின் நடுவில் விழுந்தார். அவரைப் பிழைப்பிக்க முடியவில்லை. நின்றுபோன இருதயத்துக்கு உதவி தாமதிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் பிழைக்கும் நம்பிக்கையை நூற்றுக்கு ஏழு முதல் பத்துப் பங்குவரை குறைக்கிறது என்கிறார்கள் மருத்துவர்கள். ஒருவர் உணர்விழந்து, சரியாக மூச்சுவிடாமல் கிடந்தால், 108-க்கு ஆள் சொல்லிவிட்டு, அவர் மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, இரண்டு அங்குல ஆழம் அழுத்தவேண்டும். ஆஸ்பத்திரி வண்டி வரும்வரை விடக்கூடாது. இதை நேரில் கற்றுக்கொள்ள அதிக நாள் வேண்டாம். விருப்பம் மட்டும் இருந்து கை பழகாத சிநேகம் அந்த வேளையில் நின்று அழத்தான் செய்யும். கப்பர்நகூமில் திமிர்வாதக்காரனைச் சுமந்துவந்த நால்வரும் கூட்டத்தைக் கண்டு அழுதுகொண்டு நிற்கவில்லை, கூரையைப் பிரித்தார்கள். அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டே சேசுநாதர் படுக்கையில் கிடந்தவனிடம் பேசினார் என்று சுவிசேஷம் சொல்லுகிறது.

எரிக்சன் மைதானத்தை விட்டுப் போகுமுன்பே உணர்வு தெளிந்தார். அவர் இருதயத்தைக் காவல்செய்யும் ஒரு சிறு கருவியை மருத்துவர்கள் அவர் சரீரத்தில் பொருத்தினார்கள். அடுத்த ஆண்டு 2022 மார்ச் 29-ந் தேதி அதே பார்க்கன் மைதானத்தில், செர்பியாவுக்கு எதிராக ஆடி ஒரு கோலும் அடித்தார். விழுந்த இடத்திலேயே எழுந்து நின்றார்! சுற்றி நின்றவர்கள் அவருடைய மானத்தைக் காத்திருந்தபடியால், அவர் திரும்பிவந்தபோது நாணப்பட வேண்டியதாயிருக்கவில்லை. நாம் ஒருவனுடைய வீழ்ச்சியை ஊரெங்கும் தூற்றிவிட்டால், அவன் எழுந்தாலும் திரும்பிவர இடம் ஏது?

கடைசியாக, வாசகரே, கல்வாரி மலைக்கு வாரும். நம் ஆண்டவருக்கு அப்படி ஒரு வளையம் வாய்க்கவில்லை. அவருடைய வஸ்திரங்களை உரிந்து சீட்டுப்போட்டார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்த்துத் தலையசைத்துப் பரிகசித்தார்கள். முதுகால் மறைத்து நிற்கவேண்டிய சீஷர்கள் முதுகு காட்டி ஓடிப்போனார்கள். தேவமாதாவும், அர்ச்சிஷ்ட அருளப்பரும், சில ஸ்திரீகளும் மாத்திரம் அருகில் நின்றார்கள். மறைக்க அவர்களால் முடியவில்லை, ஆனால் விட்டுப்போகவில்லை. அன்று நம் ஆண்டவருக்குச் செய்யப்படாததை இன்று விழுந்துகிடக்கிற அவருடைய சகோதரனுக்குச் செய்ய நமக்கு வேளை இருக்கிறது. சின்னஞ்சிறியவனுக்குச் செய்ததைத் தமக்கே செய்ததாக அவர் ஏற்றுக்கொள்ளுவார்.

ஆகையால் இந்த வாரத்துக்கு ஒரு பிரதிக்கினை செய்வோம். ஒருவன் விழக்கண்டால் என் கை கைப்பேசிக்குப் போகாது, அவனிடத்துக்குப் போகும். கைக்கு வேலையில்லையென்றால், என் முதுகாவது அவனுக்குப் போர்வையாகும். ஒருவனுடைய குறையைக் கேள்விப்பட்டால், அந்தச் செய்தி என்னோடே நின்றுபோகும். நாமும் ஒருநாள் விழுவோம். சாவில் எல்லாரும் விழுவோம். அப்போது நம்மைச் சுற்றி நிற்கிறவர்கள் யார் என்று இப்போதே யோசிப்பது நல்லது. சர்வேசுரன் தம் இரக்கமாகிய போர்வையால் நம் எல்லாரையும் மூடிக் காப்பாராக. ஆமென்.